பனி பெய்த செய்தியில் விடுபடும் விவரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

குளிர்காலம் வந்தால் வெப்பநாடு ஒன்றில் பனி பெய்த படம் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. சகாராவின் செம்மணல் மேட்டில் வெள்ளைக் கோடுகள், பாக்தாத்தில் பேரீச்ச மரத்தின் தலையில் பனி, சவூதியில் வெண்பரப்பின் நடுவே ஒட்டகங்கள். படத்துக்குக் கீழே இரண்டில் ஒரு வரி இருக்கும். 'பூமி சூடாகிறது என்றார்களே, இது என்ன?' என்பது ஒன்று. 'காலநிலை மாற்றத்தின் கோர முகம்' என்பது மற்றொன்று. ஒரு நாள் பெய்த பனியை வைத்து இரண்டில் எதையும் நிறுவ முடியாது. அந்தப் படத்தோடு நான்கைந்து விவரங்களைச் சேர்த்து அச்சிட்டால் வாசகர்கள் தாங்களே எடைபோட்டுக்கொள்வார்கள். எவை அந்த விவரங்கள், ஏன் அவை வேண்டும் என்று சொல்லவே இக்கடிதம்.

முதலாவது, உயரம். சகாராப் பனி என்று வரும் படங்களில் பெரும்பாலானவை அல்ஜீரியாவின் அயின் செஃப்ரா என்ற ஊரில் எடுத்தவை. 1979, 2016, 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் அங்கே பனி பெய்தது. அட்லஸ் மலைத்தொடரின் மடியில், கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் அது. ஒரு கிலோமீட்டர் மேலே போனால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கடலோரத்தில் 9 டிகிரி இருக்கும் நாளில் அங்கே 2 டிகிரிதான் இருக்கும். பாலைவனத்தின் வறண்ட காற்றும் இதில் உதவுகிறது. மேலிருந்து விழும் பனி அந்தக் காற்றில் ஓரளவு ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக் காற்றைக் குளிர்விக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதே முறையில்தான். வெப்பமானி 4 டிகிரி காட்டினாலும், ஈரப்பதம் 30 சதவீதமே இருந்தால், ஈரக்குமிழ் வெப்பநிலை (ஆவியாதலால் காற்று குளிரக்கூடிய எல்லை) பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒரு டிகிரி அளவில் நிற்கும். பனி உருகாமல் தரைக்கு வந்துசேர அது போதும். சவூதியின் வடமேற்கில் தபூக் அருகேயுள்ள லாவ்ஸ் மலை 2,500 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே பல குளிர்காலங்களில் பனி பெய்கிறது. 'பாலைவனத்தில் பனி' என்று எழுதும்போது மலை என்ற சொல் விடுபட்டுப்போனால் சாதாரண நிகழ்வு அதிசயமாகிவிடுகிறது.

2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் ஏன் பனி பொழிவதில்லை என்று இங்கே கேள்வி எழலாம். பனி பொழியக் குளிரும் மேகமும் ஒரே நேரத்தில் வேண்டும். ஊட்டி கடுங்குளிரைத் தொடுவது டிசம்பர், ஜனவரியின் தெளிந்த, காற்றில்லாத இரவுகளில். அப்போது வானில் மேகம் இருக்காது. மேகம் வந்தாலோ அது போர்வையைப் போலத் தரையின் வெப்பத்தைத் திருப்பியனுப்பி, இரவு வெப்பநிலையை ஏற்றிவிடும். அதனால் ஊட்டி பார்ப்பது உறைபனியை மட்டுமே.

இரண்டாவது விவரம் இதிலிருந்தே பிறக்கிறது. விழுந்தது என்ன? தமிழில் பனி என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. புல்லில் படியும் நீர்ப்பனி, கண்ணை மறைக்கும் மூடுபனி, ஊட்டியருகே தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளியை வெளுக்கவைக்கும் உறைபனி, வானிலிருந்து விழும் வெண்பனி என்று நான்கு வேறு நிகழ்வுகள். உறைபனி எங்கிருந்தும் விழுவதில்லை. தரையும் புல்லும் இரவில் வெப்பத்தை இழந்து, காற்றிலுள்ள நீராவி அவற்றின் மேலேயே உறைகிறது. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் கூண்டுக்குள் இருக்கிறது. அது 3 டிகிரி காட்டும் இரவில் புல்நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஒரே எஸ்டேட்டில் பள்ளத்துத் தேயிலை கருகி, மேட்டுத் தேயிலை தப்பிவிடுகிறது. இதைப் 'பனிப்பொழிவு' என்றும் 'மினி காஷ்மீர்' என்றும் எழுதுவது தவறு. இளஞ்செடிகளை மாலையிலேயே இலைதழை போட்டு மூட வேண்டிய விவசாயிக்கு வேண்டிய சொல் 'உறைபனி'.

ஆலங்கட்டியைப் பனி என்று எழுதுவது அதைவிடப் பெரிய குழப்பம். 2024 நவம்பரில் சவூதியின் அல்-ஜவ்ஃப் பாலைவனம் வெண்மையாகக் கிடந்த படங்கள் உலகைச் சுற்றின. வரலாற்றில் முதல் பனிப்பொழிவு என்றே பலர் பகிர்ந்தார்கள். அங்கே கொட்டியது பெரும்பாலும் ஆலங்கட்டி. ஆலங்கட்டிக்குத் தரையில் குளிர் தேவையில்லை. இடிமேகத்துக்குள் மேலெழும் காற்று நீர்த்துளியைப் பல கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கி உறையவைக்கிறது. கட்டி பெருத்துக் கனம் தாங்காதபோது கீழே விழுகிறது. நம் ஊரில் சித்திரைக் கோடைமழையில் விழுவதும் இதுதான். பிரித்தறிவது எளிது. இடி இடித்ததா, உருண்டையாகத் தெறித்து விழுந்ததா, சில நிமிடங்களில் நின்றதா என்று கேட்டால் போதும். வெண்பனி செதில்செதிலாக, ஓசையின்றி, மணிக்கணக்கில் விழும்.

மூன்றாவது விவரம், பனி பெய்த காரணம். அதற்கு, உண்மையிலேயே வியக்கவைத்த ஒரு பனிப்பொழிவுக்கு வருகிறேன். 2025 ஜனவரி 21 அன்று அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில், மலையும் இல்லை, ஆலங்கட்டியும் இல்லை, கடல்மட்டத்திலேயே வெண்பனி பொழிந்தது. நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம், அதாவது 20 செ.மீ. ஃபுளோரிடாவின் மில்டன் அருகே 9.8 அங்குலம். அந்த மாநிலத்தின் முந்தைய உச்சம் 1954இல் அதே மில்டனில் பதிவான 4 அங்குலம். லூசியானாக் கரையோரத்துக்குப் பனிப்புயல் எச்சரிக்கை முதன்முறையாக விடப்பட்டது. ஆர்க்டிக்கிலிருந்து இறங்கிய அடர்ந்த குளிர்காற்று தரையோடு படிந்து கிடந்தது. வளைகுடாவில் உருவான தாழ்வழுத்தம் ஈரக்காற்றை அதன்மேல் ஏற்றிவிட்டது. இரண்டும் ஒரே நாளில் சந்தித்ததால் பனி. நடுவில் மெல்லிய வெப்ப அடுக்கு ஒன்று மட்டும் புகுந்திருந்தால் செதில்கள் உருகி, தரையைத் தொட்டதும் கண்ணாடிபோல் உறையும் மழையாகியிருக்கும்.

நான்காவது விவரம், அதே மாதத்தின் உலகச் சராசரி. இந்தச் செய்தியோடு அச்சாகியிருக்க வேண்டிய எண் அது. அந்த 2025 ஜனவரிதான், பதிவுகள் தொடங்கியதிலிருந்து உலகம் கண்ட மிக வெப்பமான ஜனவரி. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைக் கண்காணிப்புச் சேவை கணக்கிட்டபடி, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.75 டிகிரி அதிகம். ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு அம்மாதச் சராசரியைவிட 6 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்காவோ தன் சராசரியைவிடக் குளிர்ந்திருந்தது. இரண்டும் முரண்படவில்லை. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களும் சேர்ந்தாலும் பூமிப்பரப்பில் 2 சதவீதம் தேறாது. 2016 ஜனவரியிலும் இப்படியே நடந்தது. ஜப்பானின் தெற்கிலுள்ள அமாமி ஒஷிமா தீவில் 115 ஆண்டுகளுக்குப் பிறகு பனி பெய்தது. அதுவரையிலான மிக வெப்பமான ஜனவரியும் அதுவே.

2015 பிப்ரவரி 26 அன்று அமெரிக்க செனட்டில், பூமி சூடாவதை மறுத்துவந்த செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்று காட்டி அவையில் எறிந்தார். அந்த ஆண்டு முடிந்தபோது, அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே வெப்பமான ஆண்டாக 2015 இருந்தது. 'சூடாகவில்லை என்றதும் காலநிலை மாற்றம் என்று பெயரை மாற்றிவிட்டார்கள்' என்ற பேச்சும் அடிக்கடி வாசகர் கடிதங்களில் தலைகாட்டுகிறது. காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை தரும் ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. (காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு) 1988இல் தொடங்கப்பட்டபோதே அதன் பெயரில் இருந்தது 'காலநிலை மாற்றம்' என்ற சொல்தான்.

எதிர்ப்பக்கத்து மிகையையும் விட்டுவைக்கக் கூடாது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், ஆகவே பனியும் கூடும் என்கிறார்கள். ஒரு கனமீட்டர் காற்று 30 டிகிரியில் 30 கிராம் நீராவியையும், பூஜ்ஜியத்தில் 5 கிராமையும், மைனஸ் 20இல் ஏறத்தாழ ஒரு கிராமையும் தாங்குகிறது. எனவே மைனஸ் 10இல் இருந்த ஊர் மைனஸ் 8 ஆனால் கனத்த பனி வரலாம் என்பது சரி. ஆனால் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும் ஊர் 2 டிகிரி ஏறினால் அங்கே வருவது மழை. வெப்பநாட்டு ஊர்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகை. அவற்றில் பனி பெய்ததற்குக் காரணமே வெப்பமயமாதல் என்பது இந்தக் கணக்குக்கு எதிரானது.

ஆர்க்டிக் வேகமாகச் சூடாவதால், வட துருவத்தைச் சுற்றி உயரே வீசும் குளிர்காற்று வளையமான துருவச் சுழல் தளர்ந்து, குளிர்காற்று தெற்கே அதிகமாகக் கசிகிறது என்ற கருத்தும் இருக்கிறது. 1979 முதல் ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. இதில் ஐயமில்லை. 2021 ஜனவரித் தொடக்கத்தில், மேகங்கள் உலவும் அடுக்குக்கு மேலேயுள்ள அடுக்குமண்டலம் திடீரெனச் சூடேறி, துருவச் சுழல் குலைந்ததும், அடுத்த மாதம் டெக்சாஸ் உறைந்ததும் நடந்தவை. ஆனால் இத்தகைய குலைவுகள் முன்பும் நடந்திருக்கின்றன. நீண்டகாலப் போக்காக ஆர்க்டிக் வெப்பம் அவற்றைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. ஐ.பி.சி.சி.யின் ஆறாம் அறிக்கையும் இந்தத் தொடர்புக்குக் குறைந்த நம்பகமே தருகிறது. நேர்மையான விவாதம் நடக்கும் இடம் இது. இதை முடிந்த முடிவாக எழுதினால், அடுத்த ஆய்வு மாறாகச் சொல்லும்போது மற்ற உண்மைகள் மீதும் மக்களுக்கு நம்பிக்கை போய்விடும். எனக்கு மிகவும் கவலை தருவது அதுவே.

நிலைத்து நிற்கும் சான்று எண்ணிக்கையில் இருக்கிறது. காலநிலை மாறாமல் இருந்தால், ஒரு நாட்டில் உடையும் வெப்பச் சாதனைகளும் குளிர்ச் சாதனைகளும் நீண்டகாலத்தில் ஏறக்குறையச் சமமாக இருக்கும். அமெரிக்காவில் 1950களில் அப்படித்தான் இருந்தது. 2000களில் ஒரு குளிர்ச் சாதனைக்கு இரண்டு வெப்பச் சாதனைகள் என்றாகிவிட்டது. குளிர்ச் சாதனை அரிதானதே தவிர, நின்றுபோகவில்லை. நியூ ஆர்லியன்ஸின் 8 அங்குலம் அந்த அரிய பக்கத்தில் விழுந்த ஒன்று.

'பூமி சூடாகிறது, இனிக் குளிருக்கு ஆயத்தம் எதற்கு?' என்ற நினைப்பு உயிரைக் குடிக்கும். 2021 பிப்ரவரி 15 அதிகாலை டெக்சாஸ் மின்தொகுப்பின் அதிர்வெண் (மின் உற்பத்தி தேவைக்குக் குறைந்தால் சரியும் அளவு) 60 ஹெர்ட்ஸிலிருந்து 59.4க்குக் கீழே சரிந்து 4 நிமிடம் 23 விநாடி நின்றது. 9 நிமிடம் நீடித்திருந்தால் மின்நிலையங்கள் தாமாகவே கழன்று மாநிலமே இருண்டிருக்கும். எரிவாயுக் கிணறுகளின் வாயில் ஈரம் உறைந்தது. மின்நிலையங்களில் அழுத்தம் அளக்கும் விரலளவுக் குழாய்கள் உறைந்து, தவறான அளவு காட்டி, இயந்திரங்களை நிறுத்தின. காற்றாலைகள்மேல் பழி போட்டார்கள். எல்லா வகை நிலையங்களும் நின்றன, அவற்றில் எரிவாயு நிலையங்களே அதிகம். 2011 குளிரிலும் இதே பழுது வந்து, குழாய்களுக்கு உறை போடுங்கள் என்று விசாரணை அறிக்கை சொல்லியிருந்தது. கட்டாயமாக்காததால் பலர் செய்யவில்லை. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். குளிரில் விறைத்தவர்களோடு, மூடிய வீட்டுக்குள் ஜெனரேட்டரையும் காரையும் ஓட்டி, கரி மூட்டி, கார்பன் மோனாக்சைடு நச்சில் மடிந்தவர்களும் அதில் உண்டு. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழாமல் போன செய்தியை நாமும் படிக்கிறோம். அந்த வாயுவுக்கு மணமில்லை. சன்னல் மூடிய அறையில் கரி கனியவிட்டுத் தூங்கவே கூடாது. உறைபனிப் படம் வெளியிடும் நாளில் இந்த ஒரு வரியையும் பக்கத்தில் போடுங்கள்.

பனிப் படத்துக்குக் கீழே நான் கேட்கும் குறிப்பு இவ்வளவுதான்: 'நியூ ஆர்லியன்ஸ், கடல்மட்டம். வெண்பனி, 20 செ.மீ., 2025 ஜனவரி 21. காரணம்: ஆர்க்டிக் குளிர்காற்றின் மேல் ஏறிய வளைகுடா ஈரக்காற்று. அதே மாதம் உலகச் சராசரி: பதிவான ஜனவரிகளில் மிக வெப்பமானது.' நான்கு வரிகளில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி.