பம்பைக் கழற்றும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. விசைப்படகுகளை இறக்கி ஓட்டிப் பார்க்கும் நேரம். 'எஞ்சின் இழுக்கலை' என்று டிரைவர் சொன்னதும் டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்புவது நம் துறைமுகங்களில் பழகிப்போன வேலை. பம்ப் மீது சந்தேகம் கடைசியாக வர வேண்டும்.

எஞ்சின் சூடானபின் நியூட்ரலில் ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுங்கள். எஞ்சின் பிளேட்டில் போட்டிருக்கும் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வருகிறதா? கேபினிலுள்ள மீட்டரை நம்பாமல் புல்லியில் சுற்றை அளக்கும் டாக்கோமீட்டரைப் பிடித்துப் பாருங்கள். வராவிட்டால், டீசல் பம்பின் லீவர் முழுக்கத் திரும்பி அதன் எல்லையான ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று எஞ்சின் அருகே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். இரண்டு மாதம் சும்மா கிடந்து துருவேறிய ஆக்சிலேட்டர் கேபிள் பாதியிலேயே நின்றுவிடும். லீவர் தொட்டும் ஆர்.பி.எம். வராவிட்டால் டீசல் வரத்தைப் பாருங்கள். நியூட்ரலில் சரியாக வந்து, கியர் போட்டதும் விழுந்தால் டீசல், காற்று, புரொப்பெல்லர் மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

தடைக்காலம் அதிகம் கெடுப்பது டீசலைத்தான். அரை டேங்கோடு நிறுத்திய படகில் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்கும். நீருக்கும் டீசலுக்கும் நடுவே வழவழப்பான அழுக்கு வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். டேங்கின் அடி டிரெயினைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றுங்கள். டேங்கிலிருந்து டீசலை இழுத்து டீசல் பம்புக்குக் கொடுக்கும் ஃபீட் பம்பின் சிறு வலையையும் மறக்க வேண்டாம். பிறகு 20 லிட்டர் கேனில் நல்ல டீசல் ஊற்றி, ஃபீட் பம்புக்கு மேலே வைத்து, நேரடி ஹோஸ் மாட்டி ஓட்டுங்கள். எஞ்சின் இழுத்தால் டீசல் பம்ப் மீது குற்றமில்லை. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்.

அந்த இடைவெளியில் உள்ள கசிவு வெளியே ஒரு சொட்டும் காட்டாது. காற்றை உள்ளே இழுக்கும். ஃபீட் பம்புக்கு முன் ஓரடி கண்ணாடி ஹோஸ் போட்டால் குமிழி ஓடுவது தெரியும். பெரும்பாலும் பழைய செம்பு வாஷரை மறுபடி போட்டதுதான் காரணம். வாஷரை மாற்றி, ஃபில்டரிலும் பிறகு டீசல் பம்பிலும் ஏர் எடுங்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

அரைமணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு வாங்கி, சிறிது நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும் எஞ்சினா? டேங்க் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் டேங்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. உப்பு அடைத்திருக்கும், அல்லது படகுக்குப் பெயின்ட் அடித்தவர் சேர்த்து அடைத்திருப்பார்!

கரும்புகை என்றால் எஞ்சின் அறைக் கதவைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். புகை குறைந்தால் வென்டிலேட்டரை வலையோ தார்ப்பாயோ மூடியிருக்கிறது. குறையாவிட்டால் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் கிளிப், படகின் அடியில் ஒட்டி வளர்ந்த கொட்டலசு, வளைந்த புரொப்பெல்லர் எனப் பாருங்கள். புதிதாகப் பெரிய புரொப்பெல்லர் மாட்டியவர்களுக்கு இந்தப் புகை நிச்சயம்.

வெண்புகைக்கு, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் பைப் நட்டுகளை ஐடிலிங்கில் ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டரில்தான் கோளாறு. துணி சுற்றி, கையை விலக்கி வையுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைக்கும். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

இவற்றில் ஒன்றும் பார்க்காமல் பம்ப் சீலை உடைத்து டீசலைக் கூட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் வேகம் தெரியும். பிறகு பிஸ்டன் தலை உருகும். 240 குதிரைத்திறன் வரம்பை மீறிப் பெரிய எஞ்சின் தேடுபவர்களில் சிலருக்கும் உண்மையில் தேவை ஒரு ஃபில்டர்தான்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை படகுகளை ஆய்வு செய்கிறது. நீளம், குதிரைத்திறன் எல்லாம் பார்க்கிறார்கள். அன்றே ஒரு டாக்கோமீட்டரும் ஒரு கேனும் வைத்து டிரைவர்களுக்கு இந்தச் சோதனைகளைச் செய்து காட்ட ஏற்பாடு செய்யலாம். ஒரு படகுக்கு ஒரு மணி நேரம் போதும்.

விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்குகள்,
நாகப்பட்டினம்.