சங்குப்பிட்டிப் பாலத்தில் கேட்காத பிளேயர்: ஒரு முறைப்பாடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
ஜூலை 9

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

அன்புடையீர்,

விடயம்: மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு என்று விற்ற எம்பி3 பிளேயரும் அதனுடன் தந்த இயர்போனும்

ஏப்ரல் முதல் வாரம், வருடப்பிறப்பு வியாபார நேரம், கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் உங்கள் நிறுவனத்தின் சிறிய பிளேயரை 14,500 ரூபாவுக்கு வாங்கினேன். சட்டைப் பையில் கிளிப்பால் மாட்டுகிற வகை. பெட்டியின் முன்பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிற படம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்டால் இடையில் அழைப்பு வரும், கவனம் போகும். அதனால் பாட்டுக்கென்று தனியாக ஒரு கருவி தேவைப்பட்டது.

நான் பூநகரியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையில் கொக்குவிலில் இருந்து நாவற்குழி, அங்கே மன்னார் வீதியில் திரும்பி, தனங்கிளப்பு, கேரதீவு கடந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் போவேன். 2011 இல் அந்தப் பாலம் திறந்த பிறகுதான் இப்படி நேராகப் போய் வர முடிகிறது. வழியில் நான் கேட்பது தவில், நாதஸ்வரம். அப்பா கோயில் திருவிழாக்களில் கசெற்றில் பதிந்து வைத்தவற்றைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். அவற்றில் தெட்சணாமூர்த்தி அவர்களின் தவிலும் உண்டு. 1975 இல் மறைந்தவரின் வாசிப்பு இனிப் புதிதாக ஒன்று கிடைக்கப் போவதில்லை. எனக்கு அது எவ்வளவு பெறுமதி என்று உங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

ஏப்ரலில் ஒரு குறையும் தெரியவில்லை. சத்தத்துக்கு உள்ள முப்பது படியில் பதினைந்து வைத்தாலே போதுமாக இருந்தது. மே கடைசியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பியது. பாலத்தில் ஏறியதும் காற்று முகத்துக்கு நேரே வந்து அடிக்கிறது. அறுபது கிலோமீற்றர் வேகத்தில் முப்பதாம் படிக்கு ஏற்றினாலும் நாதஸ்வர ஆலாபனை முழுதாகக் காணாமல் போகிறது. தவிலில் விரலால் வாசிக்கிற பக்கமான வலந்தலையில் விரற்கூடு விழுகிற சொற்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். தடியால் அடிக்கிற மறுபக்கமான தொப்பியின் தடித்த நாதம் அறவே இல்லை. பின்னேரம் அதே பாலத்தால் திரும்பி வரும்போது காற்று முதுகுப் பக்கம். அப்போது அதே பதிவு இருபதாம் படியில் நன்றாகக் கேட்கிறது. ஆகவே கருவி பழுதாகவில்லை. பெட்டியில் படம் போட்டுச் சொன்ன வேலைக்கு நீங்கள் தந்தது போதவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

கடையில் கேட்டேன். பொருளை மாற்றித் தரும் காலம் 14 நாள், அது முடிந்துவிட்டது, கொம்பனியோடு கதையுங்கள் என்றார்கள். சோளகம் எழும்ப முன்னரே அந்த 14 நாளும் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஏப்ரலில் வாங்கியவன் இதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

அப்புறம் உங்கள் சேவைப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கதைத்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். ஹெல்மெட் கண்ணாடியை மூடச் சொன்னார். அது எப்போதும் மூடித்தான் இருக்கிறது. பிறகு, கருவியில் ஐரோப்பாவுக்கான ஒலிக் கட்டுப்பாடு இருக்கிறது, நாட்டுத் தெரிவை மாற்றினால் அது நீங்கிச் சத்தம் கூடும் என்று படிப்படியாகச் சொல்லித் தந்தார். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுதான்.

அவர் சொன்னபடி செய்தேன். சத்தம் கூடியது, கூடவே கரகரப்பும் வந்தது. இருந்தாலும் பாலத்தில் பாட்டுக் கேட்டது என்ற சந்தோஷத்தில் குறைக்காமலே பாடசாலை வரை போய்விட்டேன். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினால் இடது காதுக்குள் ‘கீ’ என்று ஓர் இரைச்சல். முதலாம் பாடம் ஆறாம் வகுப்பு. முன் வாங்கில் இருக்கிற பிள்ளை மெதுவாகக் கதைப்பவள். அவள் வாசித்தது எனக்கு விளங்கவில்லை. மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். பிள்ளை தான் ஏதோ பிழை விட்டுவிட்டதாக நினைத்துக் கண் கலங்கிவிட்டாள். இரைச்சல் அன்று இரவுதான் அடங்கியது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு உங்கள் தம்பியின் ஆலோசனை எவ்வளவு ஆபத்தானது என்று விளங்கியது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது வேலைத்தளங்களுக்குச் சொல்லப்படும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 100 என்றால் கால் மணி நேரம்தான். வேகமாக ஓடும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதற்கு மேலால் பாட்டு ஏறிக் கேட்க வேண்டுமென்றால் பாட்டு எவ்வளவில் இருக்க வேண்டும்? உங்கள் கருவியில் அந்தக் கட்டுப்பாட்டை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றச் சொல்லித் தருவது சேவை அல்ல. நான் அன்றே பழைய தெரிவுக்கு மாற்றிவிட்டேன்.

உண்மையான குறை உங்கள் இயர்போனில் இருக்கிறது. வெறும் பிளாஸ்ரிக். காதின் வாசலில் சும்மா தொங்குகிறது, துளையை மூடுவதில்லை. ஹெல்மெட்டை இழுத்துப் போடும்போதே பாதி கழன்றுவிடும். காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தடித்த, கீழ்ச் சுருதிச் சத்தம். இடைவெளி இருந்தால் அது தாராளமாக உள்ளே வரும், பாட்டின் கீழ்ச் சுருதியோ அதே இடைவெளியால் வெளியே போய்விடும். தொப்பியின் நாதம் கேட்காததற்குக் காரணம் இதுதான்.

இதை ஊகத்தில் எழுதவில்லை. கனடாவில் இருக்கிற மச்சான் ஒருவர் வந்தபோது மெத்தென்ற நுரை முனை உள்ள இயர்போன் ஒன்று கொண்டுவந்தார். முனையை விரலால் உருட்டி நசுக்கிக் காதுக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்தால் அது விரிந்து துளையை நிறைக்கும். அதே பிளேயர், அதே பதிவு, அதே பாலம், எதிர்க்காற்று. பதினேழாம் படியில் ஆலாபனை கேட்டது. தொப்பியும் கேட்டது. முப்பதில் கேட்காதது பதினேழில் கேட்கிறது என்றால், கூட்ட வேண்டியது சத்தத்தை அல்ல, மறிக்க வேண்டியது காற்றை. பெட்டியில் மோட்டார் சைக்கிள் படம் போடுகிற நிறுவனத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. நான் இடது காதில் மட்டும்தான் இயர்போன் போடுவேன். எங்கள் நாட்டில் முந்துகிற வாகனம் வலப்பக்கத்தால் வரும். பின்னால் வருகிற பஸ்ஸின் கோர்ன் கேட்க வலது காது திறந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் பிளேயரில் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து தருகிற தெரிவு இல்லை. அண்மையில் பதிந்த கச்சேரிகளில் நாதஸ்வரம் ஒரு பக்கமும் தவில் மறுபக்கமும் இருக்கும். ஒரு காதில் கேட்டால் பாதிக் கச்சேரிதான். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓடு என்று அது என்னைத் தள்ளுகிறது. நான் அப்படி ஓட மாட்டேன். இந்தத் தெரிவு சாதாரண கைத்தொலைபேசிகளிலேயே இருக்கிறது.

கையேட்டில் தமிழ் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காது பற்றிய எச்சரிக்கை ஆங்கிலத்தில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் அதை அந்த இரைச்சலுக்குப் பிறகுதான் தேடி வாசித்தேன்.

மின்னஞ்சலில் எழுதியதற்கு, ‘சத்தம் போதாமை உத்தரவாதத்துக்குள் வராது’ என்று ஒரே வரியில் பதில் அனுப்பினீர்கள். அதை நான் ஏற்கவில்லை. காதுத் துளையை மூடுகிற, நுரை அல்லது சிலிக்கன் முனை உள்ள இயர்போன் ஒன்றை உங்கள் செலவில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் பிளேயரைத் திரும்ப எடுத்து 14,500 ரூபாவையும் தாருங்கள். இரு பக்க ஒலியையும் கலக்கும் தெரிவை அடுத்த மென்பொருளில் சேர்க்க முடியுமா, முடியாதா என்று எழுத்தில் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னர், ஒலிக் கட்டுப்பாட்டைக் கழற்றும் வழியை இனி யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் சேவைப் பிரிவுக்கு அறிவியுங்கள். அந்தத் தம்பியைத் தண்டிக்க வேண்டாம், அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், பெட்டியின் படத்தையும் உங்கள் மின்னஞ்சலையும் வைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். 1977 என்ற அவர்களின் இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

பற்றுச்சீட்டின் பிரதி, பெட்டியின் படம், உங்கள் மின்னஞ்சலின் பிரதி ஆகியவற்றை இணைத்துள்ளேன். என் பெயரும் தொலைபேசி இலக்கமும் பற்றுச்சீட்டில் இருக்கின்றன. பிற்பகல் 4 மணிக்குப் பிறகு அழையுங்கள். அதற்கு முன் வகுப்பில் இருப்பேன், அல்லது வண்டி ஓடிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்