ஊரில் பிறந்து மும்பையில் வளரும் குழந்தைகளின் தடுப்பூசி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாராவியிலும் அதையொட்டிய பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது இன்றும் மாறாத வழக்கமாக இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பிறக்கும் குழந்தைக்குப் பிசிஜி ஊசி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆகியவை பிறந்த கையோடு கிடைத்துவிடுகின்றன; ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போட வேண்டியவற்றைக் கிராம சுகாதாரச் செவிலியர் நினைவூட்டிப் போட வைக்கிறார். அதன்பின் தாயும் சேயும் மும்பைக்கு ரயிலேறுகிறார்கள். ஊர்ச் செவிலியரின் பதிவேட்டில் 'வெளியூர் சென்றுவிட்டது' என்று குறிக்கப்படும் அந்தக் குழந்தை, மும்பையின் எந்தப் பதிவேட்டிலும் தானாக வந்து சேர்வதில்லை.

இந்த இடைவெளியில் தவறிப்போவது பெரும்பாலும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிதான். அதன் முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்ததும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் போடப்பட வேண்டும். தடுப்பாற்றல் இல்லாதவர்களிடையே தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை அந்நோய் பரவக்கூடும் என்பதால், நூற்றில் 95 குழந்தைகளாவது இரு தவணையும் பெற்றிருந்தால்தான் ஒரு பகுதி பாதுகாப்பாக இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர் உறங்கும் குடியிருப்புகளில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு இறுதியில் கோவண்டி, மான்குர்த் பகுதிகளில் குழந்தைகள் தட்டம்மைக்குப் பலியானதையும், மத்தியக் குழு வந்து ஆராய்ந்ததையும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் கூடுதல் தவணை போடப்பட்டதையும் இந்நகரம் அதற்குள் மறந்துவிடலாகாது. உயிர் பிழைத்த குழந்தையையும் தட்டம்மை எளிதில் விடுவதில்லை. பிற நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பு நினைவையே அது அழித்துவிடுவதால், அடுத்த பல மாதங்களுக்கு நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் அக்குழந்தையை எளிதில் தாக்குகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 1974இல் தொடங்கிய விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம், ஐம்பது ஆண்டுகளில் 15 கோடியே 40 லட்சம் உயிர்களைக் காத்திருப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு தட்டம்மைத் தடுப்பூசி ஒன்றினாலேயே காக்கப்பட்டவை என்றும் 2024இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. இத்தனை வலிமையுள்ள ஒரு மருந்து, அதுவும் இலவசமாகக் கிடைப்பது, இரண்டு மாநிலங்களின் பதிவேடுகளுக்கு நடுவே ஒரு குழந்தைக்குக் கிடைக்காமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பகுதித் தாய் ஒருவர், குழந்தையின் தடுப்பூசி அட்டை ஊரிலேயே தங்கிவிட்டதால், ஒரு தடுப்பூசி முகாமிலிருந்து குழந்தையுடன் திருப்பி அனுப்பப்பட்டார். இது தவறு. ஆவணம் இல்லாத குழந்தையை ஊசி போடாத குழந்தையாகவே கருதித் தடுப்பூசி போட வேண்டும் என்பதே மருத்துவ நெறி. முன்பே போட்டிருந்தாலும் இந்த ஊசியின் கூடுதல் தவணையால் கேடில்லை. ஒன்பதாம் மாதத்தில் தவறியிருந்தாலும் ஐந்து வயது வரை அரசுத் திட்டத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்பதும் பல பெற்றோருக்குத் தெரியவில்லை.

எந்த ஊரில் போட்டாலும் பதிவாகும்படி மத்திய அரசு 'யூ-வின்' இணையதளத்தை உருவாக்கியிருக்கிறது. தமிழகத்துச் செவிலியர்கள் தாயை மும்பைக்கு அனுப்பும்போதே அதில் பதிவு இருப்பதை உறுதி செய்து, அட்டையின் படத்தைத் தாயின் கைப்பேசியில் எடுத்துக்கொடுக்க வேண்டும். மும்பை மாநகராட்சியோ, தமிழ் பேசும் ஆரோக்கிய சேவிகாக்களை (மாநகராட்சியின் சுகாதாரப் பணிப்பெண்களை) தாராவிக்கு அனுப்பி, அண்மையில் ஊரிலிருந்து திரும்பிய கைக்குழந்தைகளை வீடு வீடாகக் கேட்டறிய வேண்டும். கூலி வேலைக்குச் செல்லும் தாய்மாருக்குக் காலை முகாம் பயன்படாது. மாலையிலும் ஞாயிறன்றும் முகாம் நடத்தப்பட வேண்டும்.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மை கண்டால் வேப்பிலை வைத்து மாரியம்மனை வேண்டிக்கொள்வது நம் நம்பிக்கை. அதை யாரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதற்காக மருத்துவரிடம் மறைப்பது குழந்தைக்கு ஆபத்து. தட்டம்மைக் குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாட்களில் தரப்படும் வைட்டமின் ஏ, கண்பார்வையையும் உயிரையும் காக்க உதவும். ஆகவே காய்ச்சலோடு உடலில் சிவந்த தடிப்பு கண்ட அன்றே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தாராவி, மும்பை.