சாப்பிடாதவர்களின் கணக்கு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூலிகைச் சூரணம் சாப்பிட்ட முதியவர்களுக்குக் கொலஸ்ட்ரால் இறங்கியது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆரம்பத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று எண்களை அடுக்கியிருந்தீர்கள். சூரணம் சாப்பிடாதவர்களின் எண்ணைத்தான் எங்கேயும் காணோம்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். ஒரே ஆளுக்கு இன்று 240 காட்டும், அடுத்த வாரம் 225 காட்டும். மருந்தே சாப்பிட்டிருக்க மாட்டார். ஆய்வுக்கோ, அளவு எகிறியிருப்பவர்களாகப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அடுத்த முறை தானாகவே கொஞ்சம் இறங்கும். போதாக்குறைக்கு, ஆய்வில் சேர்ந்துவிட்டோமே என்று வாயைக் கட்டுவார்கள், நடக்கப் போவார்கள். பெயர் என்னவோ சூரணத்துக்கு.

குக்குலுவுக்கு நடந்ததைப் பாருங்கள். உடல் பருமனுக்கு சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் சொல்லும் பிசின் அது. 1960களில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் அதை ஆராய ஆரம்பித்தார்கள். 1980களில் அதிலிருந்து எடுத்த சாறு இந்தியாவில் கொலஸ்ட்ரால் மருந்தாகவே அனுமதி பெற்றது. அப்புறம் 2003-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 103 பேர், எட்டு வாரம். ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. வெற்று மாத்திரைக்காரர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 5 சதவீதம் குறைந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4, 5 சதவீதம் ஏறியது! சிலருக்குத் தோலில் தடிப்பு வேறு. அந்த வெற்று மாத்திரைப் பிரிவை மட்டும் தனியாகப் பார்த்திருந்தால் அதுவே அருமருந்து என்று பெயர் வாங்கியிருக்கும்.

மூலிகை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒருவகைப் பூஞ்சையால் புளிக்கவைத்த சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மொனாகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையில் இருக்கும் அதே பொருள்தான். அது வேலை செய்யும். சரி, ஏற்கெனவே ஸ்டாட்டின் என்ற அந்த வகை மாத்திரை போடும் பெரியவர் அதையும் சேர்த்துச் சாப்பிட்டால்? தசை வலி, ஈரல் பாதிப்பு என்ற பயம் இரட்டிப்பாகும். புரோப்ரனலால், டில்டியாசெம் போன்ற இதய, ரத்த அழுத்த மாத்திரைகள் உடலில் சேர்வதைக் குக்குலு குறைத்துவிடும். எழுபது தாண்டியவர்களில் பலருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்க என்று தினமும் ஒரு கைப்பிடி மாத்திரை உண்டு. ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் வாசலிலேயே கழித்துவிடுவார்கள். பிறகு புட்டியை விற்பதோ அவர்களிடமே.

இதே சூரணத்தைப் பற்றி மறுபடியும் எழுதுவீர்கள் என்றால் இரண்டு விஷயங்களைக் கேட்டுப் போடுங்கள். அந்த முதியவர்கள் கூடவே வேறு என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்கள்? பாதியில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர், எதனால் நின்றார்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி