யாருடைய பிள்ளை கைத்தொழில் கற்க வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கல்விக் கட்டுரையில் ஒரு வரி: 'படிப்பு ஏறாத பிள்ளைகளைக் கட்டாயமாக உட்கார வைத்து என்ன பயன்? கைத்தொழில் கற்றாலாவது பிழைத்துக்கொள்வார்கள்.' எழுதியவர் தம் பிள்ளையை எந்தப் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953-இல் ராஜாஜி கொண்டுவந்ததையும், மறு வருஷமே காமராஜர் அதைக் கைவிட்டதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதையேதான் இப்போது வழவழ தாளில் போட்டிருக்கிறீர்கள்.

மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். படிப்பு ஏறாதவர்கள் என்று என்னிடம் தள்ளிவிடப்பட்ட பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். 1920-இலேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் மதியச் சோறு போட வைத்தார். காலைச் சிற்றுண்டிக்கு 2022 வரை காத்திருந்தோம். இந்த லட்சணத்தில் வகுப்பை விட்டுவிட்டு வாக்காளர் பட்டியலோடு மாடி மாடியாக ஏறி இறங்கியதும் நாங்கள்தான். 'அரசுப் பள்ளியில் பாடமே நடப்பதில்லை' என்று எழுதியது நீங்கள்தான்.

கூவம் கரையில் குடிசையை இடித்து, பள்ளி நடக்கும்போதே ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய குடும்பம் ஒன்று. ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண். அங்கே ஒரு அரசுப் பள்ளியில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். நானே போனேன். டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது என்றேன். "சட்டமெல்லாம் பேசாதீங்க டீச்சர், ஜூன்ல கூட்டிட்டு வாங்க" என்றார்கள். ஜூனில் அவள் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் கட்டுரையாளர் சந்தோஷப்படலாம், கைத்தொழில் கற்றுக்கொண்டாள்.

ஆறிலிருந்து பதினாலு வயது வரை பிள்ளையைச் சேர்ப்பதும், வரவைப்பதும், படிப்பை முடிக்க வைப்பதும் அரசின் பொறுப்பு என்கிறது அதே சட்டம். படிப்பு ஏறியதா என்று பார்ப்பது அதற்கப்புறம்.

மறுப்புக் கட்டுரை எழுதித் தருகிறேன் என்று சொல்லவில்லை. என் பழைய கடிதங்களின் கதி எனக்குத் தெரியும். பள்ளி திறப்பதற்குள், டி.சி. வரவில்லை என்று அரசுப் பள்ளியில் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை நாலு வரியில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே இடமிருந்தால்கூடப் போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
புளியந்தோப்பு, சென்னை