குன்னூரிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு ஜெட் ஸ்கி

குன்னூர்,
தை மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் என் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என நம்புகிறேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய மக்ரூன் பெட்டி வந்து சேர்ந்தது என்றுகூட ஒரு வரி எழுதாமல் பொங்கலும் கழிந்துவிட்டது. அதற்காக என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள். மாசி பிறந்ததும் நேரிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன். தனியாக வரவில்லை. சாக்கும் பழைய மெத்தையும் சுற்றிய ஒரு ஜெட் ஸ்கியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அதை இறக்கிவைக்க உன் பட்டறையில் நிழலான இடம் வேண்டும். நிழலை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதை எழுத்தில்தான் சொல்ல முடியும். போனில் தொடங்கினால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாய்.

என் அக்கா மகன் கடற்கரை விடுதி ஒன்றில் ஜெட் ஸ்கி ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தான் அல்லவா? விடுதியை மூடியபோது சம்பள பாக்கிக்கு ஈடாக, மூக்கு நொறுங்கிக் கிடந்த ஒரு யமஹா சூப்பர்ஜெட்டை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். கணவன் மனைவி உட்கார்ந்து போகும் ஸ்கூட்டர் ரகம் இல்லை இது. ஒருவர் மட்டும் நின்றுகொண்டு ஓட்டுவது. 1973-இல் கவாசகி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற பழைய மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரின் யோசனையில் உருவான வண்டி இப்படித்தான் நின்று ஓட்டும்படி இருந்தது. யமஹா 1990-இல் 633 சி.சி. எஞ்சினோடு சூப்பர்ஜெட்டைக் கொண்டுவந்தது. நம்முடையது அந்த முதல் காலத்துச் சதுர மூக்குக்காரன். எஞ்சின் மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் இருக்கிறது. உடம்பு மட்டும் மலையேறி என் வீட்டுக் கொட்டகைக்கு வந்தது. நோவாவின் பேழைகூடத் தண்ணீர் வந்த பிறகுதான் மலையேறியது என்று நீ சொன்னதை என் அக்கா மகன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

நீ சொன்ன இன்னொன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘இங்கே கொண்டு வா, மூன்று மேட் போட்டு இரண்டு நாளில் அனுப்பிவிடுகிறேன்’ என்றாய். மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பால் நீ செய்யும் ஃபைபர் வள்ளமாக இருந்தால் மறுபேச்சில்லை. ஆனால் இது எஸ்.எம்.சி. என்ற வகை: நறுக்கிய கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினையும் தாளாகப் பிசைந்து, சூடான இரும்பு அச்சுக்குள் வைத்து அழுத்தி எடுத்தது. அச்சில் ஒட்டாமல் கழன்று வருவதற்கான பொருளை நாம் அச்சின் மேல் பூசுவோம். அவர்கள் அதை மாவிலேயே கலந்துவிடுகிறார்கள். ஆகவே எவ்வளவு தேய்த்தாலும் அந்த வழுக்கல் உள்ளேயே இருக்கிறது. இதன்மேல் நம் வழக்கமான பாலியெஸ்டரைப் பூசினால் அன்றைக்கு ஒட்டியது போலத் தெரியும். நாலு அலையில் அடிவாங்கியதும் தோல் உரிவது போல முழுத் தகடாக எழுந்து வந்துவிடும். பாலியெஸ்டர் காயும்போது சுருங்குவதும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் விலையைப் பார்க்காமல் கோயம்புத்தூரிலிருந்து எபாக்சி என்ற வேறு வகை ரெசின் வாங்கி வந்தேன். எபாக்சிக்கு உன் மேட்டும் உதவாது, மாப்பிள்ளை. மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்சியில் அது விறைத்துக்கொண்டே நிற்கும், வளைவில் படியாது. தையல் போட்டு இணைத்த குறுக்கு இழைத் துணிதான் வேண்டியிருந்தது.

ஒட்டுவதற்கு முன் நாங்கள் செய்த ஒரு சோதனையை உனக்குக் காட்ட ஆசை. முதலில் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தோம். துடைக்காமல் தேய்த்தால் மேலே இருக்கும் மெழுகையும் எண்ணெயையும் உப்புத்தாளே உள்ளே அழுத்திவிடும். பிறகு 40-ஆம் நம்பர் உப்புத்தாள் டிஸ்க்கால் இழை வெளியே தெரியும்வரை தேய்த்து, கழுவி, ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றினோம். தேய்ந்த இடத்தில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றது. ஓர் ஓரத்தில் மட்டும், அரை விரல் அகலத்துக்கு, படலம் கிழிந்து சொட்டுச் சொட்டாகத் திரண்டது. கண்ணுக்கு இரண்டு இடமும் ஒரே சாம்பல் நிறம்தான். அந்தச் சொட்டுகள்தான் அங்கே இன்னும் வழுக்கல் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தன. மறுபடி தேய்த்தோம், மறுபடி ஊற்றினோம். ‘மூன்று சொட்டு’ மாஸ்டர் பார்த்திருந்தால் நம்மைப் போல இவனையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பெடுத்திருப்பார்.

உடைந்த விளிம்பையும் வெட்டி அப்படியே சேர்க்கவில்லை. நாலு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து இறக்கி, சிறிய துண்டிலிருந்து பெரிய துண்டுவரை வரிசையாகத் துணி வைத்து ஏற்றினோம். மிதப்பதற்காக உள்ளே அடைத்திருந்த நுரை ஒரு தனிக் கதை. உப்புநீர் ஊறி ஊறிக் கனத்துப்போயிருந்ததைச் சுரண்டி எடுத்து வாசலில் கொட்டினால், தேயிலைத் தோட்டத்து நடுவே உங்கள் திரேஸ்புரத்துக் கடற்கரை நாற்றம். ஒரு காட்டுமாடு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. அதன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது வடிவத்துக்கு வருகிறேன். இவனுக்கு அலை மேல் ஏறிப் பின்புறமாகக் குட்டிக்கரணம் அடிக்க வேண்டுமாம். பழைய சதுர மூக்கு, தண்ணீரில் திரும்ப விழும்போது குத்தி உள்ளே போய்விடும். ஆகவே அணியத்தை, அதாவது முன்முனையை, இரண்டு அங்குலம் தூக்கி, பக்கத்துக்கு ஓர் அங்குலம் அகலமாக்கினோம். பாலியூரித்தேன் நுரைக் கட்டையை ஒட்டி, ரம்பத்தால் செதுக்கி, நீள மரக்கட்டையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து வளைவு எடுத்தோம். நடுக்கோட்டில் நூல் கட்டி, ஒரு பக்கத்துக்கு வெட்டிய அட்டை அச்சைத் திருப்பி மறுபக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை அவனிடமே விட்டேன். பொறுமை வரட்டும் என்று. கைப்பிடித் தண்டு திருகும் இடத்தில் மட்டும் நுரையே கிடையாது, முழுக்கக் கண்ணாடி இழைதான். போல்ட் இறுக்கினால் நுரை நசுங்கிவிடும்.

நாங்கள் சண்டை போட்டது பின்பக்கத்துக்காக. முன்னே மழுக்கியது போலப் பின்னே அடிவிளிம்பையும் மழுக்கினால் அழகாக இருக்கும் என்றான். நான் விடவில்லை. ஓடும்போது தண்ணீர் அந்த விளிம்பில் சட்டென்று அறுந்து விலக வேண்டும்; விளிம்பு உருண்டையாக இருந்தால் அது வளைவைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி, பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். பம்ப் தண்ணீர் உறிஞ்சும் வாயிலிருந்து பின்முனைவரை அடிப்பாகம் நேர்கோடாக இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். பின்முனை கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்தால் வண்டி மூக்கைத் தண்ணீரில் அழுத்தும்; மேல்நோக்கி வளைந்தால் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் துள்ளும். கண்ணுக்கே தெரியாத வளைவுக்கும் இந்தப் பலன் உண்டு. இதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இவன் நீ சொன்னால்தான் நம்புவான். வந்ததும் அவன் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிவிடு.

எல்லாவற்றையும் விட மலைதான் எங்களைப் படுத்தியது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ரெசின் தேனாக இறுகிவிடும், துணிக்குள் இறங்காது. வெந்நீர்ப் பாத்திரத்தில் டப்பாவை வைத்து இளக்கிக் கலந்தால், அடுத்த நாள் காலையில் தொட்டால் பிசுபிசுப்பு. பத்து டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஏட்டுக் கணக்கு. இங்கே மார்கழி இரவில் அதை உடம்பால் அனுபவித்தோம். ஈரமும் குளிரும் சேர்ந்தால், ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் மேலே வந்து மெழுகுப் படலம் போலப் படியும். அதை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவாமல் அடுத்த துணியை வைத்தால், இரண்டு அடுக்குக்கும் நடுவே சோப்புத் தடவியதற்குச் சமம். தெரிந்தவர் ஒருவரின் டீ பேக்டரியில் சூடான காற்று வீணாகத்தானே போகிறது, ஒரு மூலை கொடுங்கள் என்று கேட்டேன். தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், உன் ரெசின் வாசனையோடு என் டீயை எவன் ஏலத்தில் எடுப்பான் என்று விரட்டிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். கடைசியில் கொட்டகைக்குள்ளேயே சவுக்குக் கம்பும் தார்ப்பாயும் கொண்டு கூடாரம் கட்டி, நூறு வாட்ஸ் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு வேலையை முடித்தோம். கரண்ட் பில்லைப் பற்றி என் மனைவி, உன் தங்கை, தனியாகக் கடிதம் எழுதுவாள்.

இறுகியது என்னவோ இறுகிவிட்டது. ஆனால் தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும் இதே உடற்கூடு உன் ஊர் வெயிலில் என்னாகும் என்ற கவலைதான் ஒரு மாதமாக என் தூக்கத்தைத் தின்கிறது. இந்த மாதிரி எபாக்சி தான் இறுகிய வெப்பத்தை விட இருபது முப்பது டிகிரி மேலே போனால் இளகத் தொடங்கும். பதினெட்டு இருபது டிகிரியில் இறுகியது, நாற்பத்தைந்து ஐம்பதில் ரப்பர் குணம் காட்டும். தூத்துக்குடி மதியத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த பரப்பு அறுபதைத் தாண்டிவிடும். நாங்கள் ஏற்றிய அணியம் அந்தச் சூட்டில் தொய்ந்தால், உள்ளே இருக்கும் துணியின் நெசவெல்லாம் மேலே தெரியும். தெரிந்தால் போகட்டும், அந்த நிலையில் ஓர் அலையில் விழுந்தால்? அதனால் இறுகிய பிறகும் ஒருமுறை சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். மாசிப் பனி மச்சைத் துளைப்பதற்கு முன், இந்த வாரமே கூடாரத்துக்குள் ஹீட்டர் வைத்து, அவசரப்படாமல் ஏற்றி, அறுபது டிகிரியில் எட்டு மணி நேரம் வைக்கப்போகிறோம். சிவப்பும் கறுப்பும் அடிக்க வேண்டும் என்று அழுதவனிடம், வெள்ளை தவிர வேறு நிறம் அடித்தால் வீட்டுக்குள் வராதே என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு சங்கதி உன் கடற்கரை மூளைக்கு எட்டியிருக்காது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் இங்கே வந்ததும் பலூனாக உப்பிக்கொள்ளும், பார்த்திருக்கிறாய் அல்லவா? அதன் மறுபக்கம் எங்கள் வண்டிக்கு நடக்கும். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் உங்களுடையதில் ஐந்தில் நாலு பங்குதான். நுரை எடுத்த பக்கக் கூடுகளை இங்கே காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு அங்கே இறக்கினால், வெளிக்காற்று சதுர மீட்டருக்கு இரண்டு டன் கணக்கில் உள்நோக்கி அழுத்தும். உள்ளங்கை அளவு இடத்தில் இருபது கிலோ. தட்டையான பக்கத் தகடு உள்ளே வாங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கூட்டிலும் மரை போட்ட ஒரு பித்தளை மூடி பொருத்தியிருக்கிறோம். திறந்து வைத்துக்கொண்டே மலையிறங்கி, உன் பட்டறையில் அடைப்போம்.

இனி ஒன்றை விளையாட்டில்லாமல் எழுதுகிறேன். போனில் உன் இருமலைக் கேட்டேன். தூசிதான் என்று தள்ளிவிட்டாய். இருபது வருடமாகத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஃபைபர் தேய்க்கிறாய். துண்டு கண்ணாடித் தூசியையும் முழுதாக நிறுத்தாது, ஸ்டைரீன் ஆவியைக் கொஞ்சமும் நிறுத்தாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் சேர்த்தது. பயமுறுத்தவில்லை, மாப்பிள்ளை. வடிகட்டி மாட்டிய முகமூடிகள் வாங்கி வைத்திருக்கிறேன். உனக்கும் உன் பையன்களுக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறேன். அதற்கு முன் நெஞ்சுப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டிவிடு; காட்டினாயா என்று என் தங்கையிடம்தான் கேட்பேன். எபாக்சி மட்டும் யோக்கியம் என்று நினைக்காதே. கையுறை இல்லாமல் இரண்டு நாள் ஹார்டனரைத் தொட்டதில் இவன் மணிக்கட்டெல்லாம் தடித்துவிட்டது. ஒருமுறை உடம்பு அதை வெறுத்துவிட்டால் ஆயுளுக்கும் ஒத்துக்கொள்ளாது என்கிறார்கள். இப்போது சமையலுக்குத் தண்ணீர் தூக்கக்கூடக் கையுறையோடுதான் வருகிறான்.

மற்ற செய்திகள் சுருக்கமாக. ஓவர்சியர் மகளுக்கு ஆண் குழந்தை. கோத்தகிரிக்காரர் வீட்டை விற்கவில்லை, இனி விற்கவும் மாட்டார். காயல்பட்டினத்துக் கணக்கை நீ மறந்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை, நீயும் நினைக்காதே.

வண்டியைத் தண்ணீரில் விடுவதற்கு அனுமதி எங்கே கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்து வை. வான் தீவுப் பக்கம் போகவே கூடாது, அது கடல்சார் தேசியப் பூங்கா என்று இவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அமைதியான காலை, ஒரு வள்ளம், நீந்தத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் போதும். முதல் ஓட்டத்தில் குட்டிக்கரணம் கிடையாது. நேராகப் போய் நேராக வந்து, கரையேற்றி, மூடிகளைத் திறந்து உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்போம். உன் பையன்கள் யாரும் அன்பு மிகுந்து அதன்மேல் பாலியெஸ்டர் பட்டி பார்த்துவிடாமல் காவல் இரு.

அன்புடன்,
உன் மலைக்காரன்

பி.கு.: நாங்கள் புறப்படும் அன்று காலை பர்லியாறு தாண்டுவதற்குள் ஒரு போன் செய்து, பித்தளை மூடிகள் திறந்திருக்கின்றனவா என்று கேள். என்னிடம் கேட்காதே, அவனிடம் கேள். டெம்போவின் பின்னால் உட்கார்ந்து வரப்போகிறவன் அவன்தான்.