தம்பி, நீ கேட்ட கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே?

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் போன மார்கழியில், பிள்ளையார் நோன்பன்று, நம் பூர்வீக வீட்டு வளவு நிறையப் பங்காளிகள் உட்கார்ந்திருக்க, அத்தனை பேர் முன்னாலும் உன்மேல் பாய்ந்தேன். பாய்ந்தது ஊரறிய, பணிவது மட்டும் ரகசியமாகவா? அதனால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

அன்று நடந்தது உனக்கு மறந்திருக்காது. திருக்கார்த்திகையிலிருந்து எண்ணி 21ஆம் நாள். 21 நூலிழையைத் திரியாக்கி, மாவில் வைத்து, நெய் தொட்டு ஏற்றி, மூத்தவன் என்ற முறையில் நான்தான் எல்லோருக்கும் இழை எடுத்துக் கொடுத்தேன். நீயும் என் கையிலிருந்து வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டாய். அந்தச் சூடுகூட ஆறியிருக்காது. நாம் பாதிப்பாதி போட்டு மராமத்துப் பார்த்த வளவுச் சுவரில் ஈரம் பூத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, சுண்ணாம்புச் சுவத்துல சிமெண்டைப் பூசியிருக்கீங்க? மொத்தம் எவ்வளவு ஆச்சு, கணக்கு இருக்கா?” என்றாய்.

“இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுக்கு விளக்கேத்துறவன்கிட்ட கணக்குக் கேக்குறியா? நான் திருடிட்டேன்னு நேராச் சொல்லு” என்றேன்.

நீ அப்படிச் சொல்லவே இல்லை. பணியாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகப்புக்குப் போனாய். அன்றிரவே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

அப்புறம் எட்டு மாதம். பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் நீ எதைப் போட்டாலும் ‘நல்லது’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். அந்தச் சொல்லை இவ்வளவு கெட்ட எண்ணத்தோடு வேறு யாராவது எழுதியிருப்பார்களா, சந்தேகம்தான். நீயும் சளைத்தவன் இல்லை, கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பிப் போடுவாய்.

ஒருநாள் உன் அண்ணமிண்டி, அதாவது என் வீட்டுக்காரி, முற்றத்தில் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல நான் உன்னைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் தலை நிமிராமலே, “தம்பி செலவுக்குத்தானே கணக்குக் கேட்டாக? உங்களுக்கா கேட்டாக?” என்றாள். சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் கணக்குக் கேட்பது நம் வீட்டில் எப்போது குற்றமானது? அப்பத்தா காலத்தில் இதே வீட்டின் இரண்டாம் கட்டில் ஆறு அடுப்பு எரிந்ததாம். கல்யாணமான கையோடு பிள்ளையையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வளவு, ஒரே வாசல், ஆனால் புள்ளிக்குப் புள்ளி, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், அடுப்பு வேறு, அரிசி வேறு, செலவு வேறு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் “இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு இப்படியா?” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆறு மருமகள்கள் ஒரே அடுப்பில் நின்றிருந்தால் முதல் ஆடிக்குள் வீடு இரண்டாகியிருக்கும். அப்பத்தா பக்கத்து அடுப்பில் ஆழாக்கு உப்புக் கடன் வாங்கினால் ஆழாக்கால் அளந்தே திருப்பிக் கொடுப்பார். வாங்கியவர் மறந்துபோனால், “செவ்வாய்க்கிழமை வாங்கின உப்பு” என்று கிழமையோடு கேட்பார். ‘நீ எப்பவும் இப்படித்தான்’ என்று அவர் யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை. (அவர் வாய் சும்மா இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். உனக்கே தெரியும்.)

தாத்தாவை நாம் ஐயா என்றுதானே கூப்பிடுவோம், அவரும் அப்படித்தான். மலாயாவில் கடைப் பணப்பெட்டியடியில் உட்கார்ந்து பழகியவர். அன்றைய வரவு செலவை அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். “ஒரு ராத்திரி தூங்கின கணக்குக்குக் கால் முளைக்கும்” என்பார். பணக்கணக்கை நான் அப்படியே பழகிக்கொண்டேன். மனசில் உள்ளதைத்தான் அன்றன்றைக்கு எழுதவில்லை.

மகளிடமும் இதைப் பற்றிப் பேசினேன். அவள் படித்தவள், கேட்ட உடனே ஜான் காட்மன் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர் பெயரைச் சொன்னாள். கணவன் மனைவி சண்டையை வருஷக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தவராம். நடந்த ஒரு காரியத்தைப் பற்றிய குறை வேறு, ஆளின் குணத்தையே குறை சொல்வது வேறு என்று பிரிக்கிறார். முதலாவதைப் பேசித் தீர்க்கலாம், இரண்டாவது உறவையே அரித்துவிடும் என்கிறார். தம்பதிகளுக்குள் வருகிற தகராறில் 69 சதவீதம் என்றைக்குமே தீராத வகை என்றும் கணக்குச் சொல்கிறார். தீராது, ஆனால் அதோடு குடும்பம் நடத்தலாமாம். கோபத்தில் நெஞ்சு படபடத்தால் இருபது நிமிஷமாவது விலகி இருந்துவிட்டுப் பேச வேண்டுமாம். எனக்கு இருபது நிமிஷம் போதவில்லை, எட்டு மாதம் ஆகிவிட்டது. அண்ணன் தம்பிக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும் போல.

அதே பேச்சில் அவள், “அப்பச்சி, நீங்க போனை எடுத்தாலே குறைதான் சொல்றீங்க” என்றாள். வாய்க்கு வந்தது ‘நான் பெத்தவன், சொல்லக்கூடாதா?’ என்பதுதான். அதை விழுங்கிவிட்டு, “என்னைக்கு, எதுக்குச் சொன்னேன்?” என்று கேட்டேன். மூன்று சொன்னாள். தேதியோடு சொன்னாள். இரண்டு முழு உண்மை, ஒன்று பாதி உண்மை. வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று என்று எண்ண முடிந்ததால் அந்த வலிக்கு ஒரு எல்லை இருந்தது. அப்போதுதான் உன் கேள்வி மறுபடி காதில் விழுந்தது. நீ கேட்டதும் இரண்டே இரண்டு. சிமெண்ட் ஏன்? எவ்வளவு ஆச்சு?

சரி, கணக்கு. ஓட்டுக்கும் மரத்துக்கும் கூலிக்கும் பூச்சுக்குமாக மொத்தம் 1,86,400 ரூபாய். உன் பாதி 93,200. நீ அனுப்பியது ஒரு லட்சம். மீதி 6,800 என்னிடம் நின்றது. அதில் 2,500 வீடு கூட்டுகிற அம்மாவுக்குத் தீபாவளிக்குக் கொடுத்தேன், உன்னைக் கேட்காமல். 4,300 இன்னும் என்னிடம் இருக்கிறது. ரசீதுகளைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சிமெண்ட் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புச் சுவர் அது. ஈரத்தை இழுத்து மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சு உப்பி உதிரும். இப்போது தூண் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்தே விட்டது. ஐப்பசி மழை தலைக்கு மேல் நின்றது, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை, அவசரத்தில் செய்தேன். இதை அன்றே சொல்லியிருந்தால் நீ இன்னும் இரண்டு பணியாரம் தின்றிருப்பாய்.

இனி என் பக்கத்துக் கணக்கு. நான் அன்று வெடித்தது பூச்சுக்காக இல்லை. நம் அப்பச்சி மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்த 19 நாளில் நீ வந்தது இரண்டு தடவை. உனக்கு வேலை புதிது, லீவு கிடைக்காது, எல்லாம் தெரியும். எனக்கு நீ பணம் அனுப்பவில்லை என்ற குறையே கிடையாது, அனுப்பினாய். பதினோராம் நாள் ராத்திரி ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. வராந்தாவில் நின்று உனக்குப் போன் போட்டேன். நீ தூக்கக் கலக்கத்தில், “நீங்களே பாத்துப் போடுங்கண்ணே” என்றாய். போட்டேன். கை நடுங்கியது. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லாமல், இத்தனை வருஷமாக ‘தம்பிக்குப் பாசம் இல்லை’ என்று மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன். அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் அந்த ராத்திரி நீ கூட இருந்திருக்க வேண்டும் என்பது அப்படியே நிற்கிறது. இதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். உடனே சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிற ஒருவர் போன வாரம் வந்து பார்த்தார். சிமெண்டைச் செங்கல்வரை சுரண்டி எடுத்துவிட்டுப் பூச வேண்டுமாம். 74,000 கேட்கிறார். உன் பங்கு 37,000, அதில் என்னிடம் நிற்கிற 4,300ஐக் கழித்துக்கொள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அடுக்களைக் கட்டில் உள்ள சிமெண்ட் பூச்சை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். சண்டை போடலாம், ஆனால் ஐப்பசிக்கு முன் போட்டு முடித்தாக வேண்டும்.

உன் அறைச் சாவி அதே ஆணியில்தான் தொங்குகிறது. ஆடியில் ஒருமுறை திறந்து கூட்டச் சொன்னேன். உன் சன்னலில் புறா முட்டை வைத்திருந்தது, அதனால் அந்தக் கதவை மட்டும் சாத்தவில்லை. கேட்காமல் திறந்ததையும் கணக்கில் எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்